முறிந்த வேரை எக்ஸ்ரேயில் கண்டுபிடிப்பது எப்படி

மஞ்சக்குப்பம் மைதானத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன், 13 வயது. பந்து எகிறி மேல் உதட்டில் பட்டுவிட்டது. அப்பா அப்படியே பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு வந்தார். உதடு வீங்கியிருந்தது, ஈறு ஓரத்தில் ரத்தம் கசிந்தது. இடப்பக்க மேல் முன்பல், எங்கள் கணக்கில் 21, தொட்டால் லேசாக ஆடியது. ஆனால் பல் உடையவில்லை. ஓரத்தில் சில்லுகூடப் பெயரவில்லை. “பல்லு முழுசாத்தானே இருக்கு டாக்டரம்மா, வீக்கத்துக்கு மாத்திரை குடுத்தா போதும் இல்ல?” என்று அப்பா கேட்டார்.

நேராக வைத்து ஓர் எக்ஸ்ரே எடுத்தேன். வேர் பழுதில்லாமல் தெரிந்தது. சரி என்று அனுப்பியிருக்கலாம். ஆனால் பல் ஏன் ஆடுகிறது என்பதற்கு அந்தப் படத்தில் பதில் இல்லை. டியூபைக் கொஞ்சம் மேலே தூக்கிச் சாய்த்து இன்னொன்று எடுத்தேன். வேரின் நடுவில் குறுக்காக ஒரு கறுப்புக் கோடு. அதே பல், அதே நாற்காலி, நடுவில் 2 நிமிடம்கூட ஆகவில்லை.

கடலூரில் 20 வருடத்துக்கு மேலாகப் பல் வைத்தியம் பார்க்கிறேன். என்னிடம் பழக வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரமே சொல்வது இதைத்தான்: வேர் முறிவைத் தேடும்போது ஒற்றைப் படம் கணக்கில் வராது. இரண்டாவது படம் எடுக்காமல் ‘முறிவு இல்லை’ என்று எழுதாதீர்கள், ‘முறிவு’ என்றும் எழுதாதீர்கள். நான் எப்படிப் பார்க்கிறேனோ அதை இங்கே அப்படியே எழுதிவைக்கிறேன். புதிதாக கிளினிக் போட்டிருக்கும் இளம் மருத்துவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பல்லில் அடிபட்டவர்களும் அவர்கள் வீட்டாரும் படித்தாலும் புரியும்.

ஒரே படத்தில் ஏன் தெரிவதில்லை

மத்தியான வேளையில் கீற்றுக் கொட்டகைக்குள் நின்று பார்த்திருப்பீர்கள். ஓலை இடுக்கு வழியாக வெளிச்சம் கண்ணைக் குத்தும். தலையைக் கொஞ்சம் நகர்த்தினால் அந்த இடுக்கே காணாமல் போகும். கண்ணும் இடுக்கும் ஒரே நேர்கோட்டில் இல்லை, அவ்வளவுதான்.

வேர் முறிவும் அப்படித்தான். எக்ஸ்ரே கதிர் முறிவின் இடைவெளி வழியாகவே நுழைந்து வெளியே வந்தால்தான் படத்தில் கறுப்புக் கோடு விழும். குறுக்காகப் போனால், முன்னால் கொஞ்சம் வேர், பின்னால் கொஞ்சம் வேர் என்று கடினப்பகுதி வழியாகத்தான் போகும். இடைவெளியின் நிழல் அதில் கரைந்துவிடும். முன்பல்லில் குறுக்கே விழும் முறிவுக்கு 15 முதல் 20 டிகிரி வரை சலுகை உண்டு. கதிர் அதற்கு மேல் விலகினால் கோடு போச்சு.

இன்னொன்றும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ஈறை ஒட்டிக் கழுத்துப் பகுதியில் விழும் முறிவு பெரும்பாலும் படுக்கையாக இருக்கும். அது நேர்ப்படத்திலேயே மாட்டிக்கொள்ளும். வேரின் நடுவிலும் நுனியிலும் விழுவது முன்னிருந்து பின்னாகச் சாய்ந்து ஓடும். அதைப் பிடிக்க டியூபையும் சாய்த்தாக வேண்டும். அந்தப் பையனுக்கு நடந்தது இதுதான்.

மெஷினைத் தொடுவதற்கு முன்

முதலில் விரல். வலது கை ஆள்காட்டி விரலை உதட்டுக்கு உள்ளே, வேர் இருக்கும் ஈறின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். இடது கையால் பல்லின் நுனியை மெதுவாக அசைத்துப் பாருங்கள். பல் ஆடும்போது வேர் முழுவதும் விரலுக்கடியில் சேர்ந்து அசைகிறதா, அல்லது கீழ்த்துண்டு மட்டும் அசைந்து மேலே அமைதியாக இருக்கிறதா என்று கவனியுங்கள். எல்லாருக்கும் இது தெளிவாகக் கிடைக்காது. கிடைத்தால், எந்த இடத்தில் கோட்டைத் தேடவேண்டும் என்று படம் எடுக்கும் முன்பே தெரிந்துவிடும். பல் பக்கத்துப் பல்லைவிட நீண்டு தெரிகிறதா, உள்பக்கம் சாய்ந்திருக்கிறதா என்றும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடிபட்ட பல்லோடு நிறுத்தாமல் இரண்டு பக்கத்துப் பற்களையும் பாருங்கள். பந்து ஒரு பல்லைத்தான் அடித்தது என்று பையன் சொல்வான். அவனுக்கு வலி அந்தப் பல்லில்தான் தெரியும்.

படம் எடுக்கும் முறை

அடிபட்ட முன்பல்லுக்கு நான் குறைந்தது 3 படம் எடுப்பேன். முதலாவது, ஹோல்டரில் சென்சாரை வைத்து, பல்லின் நீளத்துக்கு இணையாக, நேர்ப்படம். இரண்டாவது, அதே இடத்திலிருந்து டியூபை 15 டிகிரி அளவுக்கு மேலே தூக்கிக் கீழ்நோக்கிச் சாய்த்து. மூன்றாவது, கடித்துப் பிடிக்கும் ஆக்லூசல் படம். பிலிமைப் படுக்கைவாட்டில் வாயில் வைத்து, பிஸ்கட்டைக் கடிப்பது போல மெதுவாகக் கடிக்கச் சொல்லுங்கள்; டியூப் மூக்குத்தண்டு பக்கமிருந்து 60, 65 டிகிரி சாய்வில் கீழே பார்க்க வேண்டும். வேரின் நடுவிலும் நுனியிலும் இருக்கும் சாய்வு முறிவு இதில்தான் அதிகமாக வெளிப்படும். சந்தேகம் மிச்சமிருந்தால் டியூபைப் பக்கவாட்டில் நகர்த்தி நாலாவது ஒன்று.

இத்தனை படமா என்று பெற்றோர் பயப்படுவார்கள். பயம் நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. நான் சொல்வது இது: மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நாம் எல்லாரும் ஒரு வருடத்தில் உலக சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு வாங்குகிறோம். டிஜிட்டல் சென்சாரில் எடுக்கும் ஒரு சின்னப் பல் படம், அதில் ஓரிரு நாள் பங்குதான். தேவை இருக்கிற இடத்தில் 3 படம் எடுப்பது சரி. தேவையில்லாத இடத்தில் ஒன்றுகூட அதிகம்.

முழு வாய் ஓ.பி.ஜி. படம் எடுத்துக்கொண்டு வந்து ‘இதில் பாருங்கள்’ என்று நீட்டுவார்கள். தாடை எலும்பு உடைந்திருக்கிறதா என்று பார்க்க அது நல்லது. முன்பல் வேருக்கு அதை நம்பாதீர்கள். கழுத்தெலும்பின் நிழல் நடுவில் விழுந்து முன்பற்களை மங்கலாக்கிவிடும்.

படத்தைப் படிப்பது

இது பொறுமை வேலை. முதலில் அறை விளக்கைக் குறையுங்கள். ஜன்னல் வெளிச்சம் திரையில் பட்டால் மெல்லிய கோடு தெரியாது. அப்புறம், கோட்டைத் தேடாதீர்கள். ஆமாம், தேடவே கூடாது. தேடினால் கண் எதையாவது கோடாக்கிக் காட்டும்.

நான் செய்வது, பென்சில் முனையால் திரையில் தொடாமல், வேரின் ஓரத்தை ஒரு பக்கக் கழுத்திலிருந்து தொடங்கி நுனிவரை போய், சுற்றி, மறுபக்கக் கழுத்துவரை வருவது. வழியில் எங்காவது ஓரம் படிக்கட்டு போல ஒரு தட்டு தட்டுகிறதா? நேராக வந்த விளிம்பு சட்டென்று உள்ளே போய்த் தொடர்கிறதா? அந்தத் தட்டுதான் எனக்குக் கோட்டைவிடப் பெரிய சாட்சி. துண்டுகள் கொஞ்சம் விலகியிருந்தாலே ஓரத்தில் அது விழும்.

இரண்டாவது சுற்று, வேரை ஒட்டி ஓடும் மெல்லிய கறுப்பு இடைவெளி. பல்லையும் எலும்பையும் பிணைக்கும் நாரிழை இருக்கும் இடம் அது. சாதாரணமாகக் கால் மில்லிமீட்டர் இருக்கும். அதற்கு வெளியே எலும்பின் வெள்ளைக் கோடு, லாமினா டியூரா. இந்த ஜோடி எங்கே அகலமாகிறது, எங்கே அறுந்துபோகிறது என்று பாருங்கள். மூன்றாவது சுற்று, உள்ளே நரம்பு ஓடும் குழல். மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாக வருகிறதா, நடுவில் உடைந்து நகர்ந்திருக்கிறதா?

இந்த 3 சுற்றும் முடிந்த பிறகு கோடு கண்ணில் பட்டால், அதனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நீ எங்கே முடிகிறாய்? வேர் முறிவின் கோடு வேரின் ஓரத்தோடு நின்றுவிடும். ஓரத்தைத் தாண்டி எலும்புக்குள்ளும் நீண்டால் அது முறிவு இல்லை, வேறு ஏதோ ஒன்று வேரின் மேல் நிழலாக விழுந்திருக்கிறது.

சில படங்களில் ஒரு கோட்டுக்குப் பதில் இரண்டு கோடு வளைந்து ஓரங்களில் சேர்ந்து, கண் வடிவத்தில் தெரியும். வேர் 3 துண்டாகிவிட்டது என்று பதறவேண்டாம். சாய்வான ஒற்றை முறிவின் முன் ஓரமும் பின் ஓரமும் தனித்தனியாக விழுந்திருக்கின்றன. சாய்வை மாற்றி எடுத்த அடுத்த படத்தில் இரண்டும் நெருங்கி ஒன்றாகிவிடும்.

அடிபட்ட அன்றே எடுத்த எந்தப் படத்திலும் கோடு இல்லாமல், ஆனால் பல் ஆடிக்கொண்டும் வலித்துக்கொண்டும் இருந்தால் 2 வாரம் கழித்து வரச்சொல்லி மறுபடி எடுங்கள். ரத்தமும் நீரும் கட்டித் துண்டுகள் விலகியபிறகு, முதல் நாள் ஒளிந்திருந்த கோடு வெளியே வருவது உண்டு.

கோடு போல ஏமாற்றுபவை

நான் படித்த காலத்தில் பிலிம்தான். இருட்டுப் பெட்டிக்குள் கையை விட்டு டெவலப்பர், தண்ணீர், பிக்ஸர் என்று கழுவி, கிளிப்பில் மாட்டிக் காயவைப்போம். படிப்பை முடித்து முதலில் வேலைக்குச் சேர்ந்த கிளினிக்கில் ஓர் அம்மா வந்தார்கள், மேல் முன்கடைவாய்ப் பல்லில் வலி. படத்தில் வேரின் குறுக்கே கறுப்பாக, கூர்மையாக ஒரு கோடு. வேர் உடைந்துவிட்டது, பல்லை எடுத்துவிட வேண்டும் என்று அவர்களிடம் சொல்லியும்விட்டேன். அந்த அம்மா கண் கலங்கிவிட்டார்கள். மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்த நேரம். ஊசி போடும் முன் சீனியரிடம் பிலிமைக் காட்டினேன். அவர் பிலிமை வாங்கி, ட்யூப்லைட் வெளிச்சம் அதன் மேல் வழுக்கி விழுகிற மாதிரி சாய்த்துப் பிடித்தார். கோடு இருந்த இடத்தில் பிலிமே மடிந்திருந்தது. அண்ணத்தில் குத்துகிறது என்று அந்த அம்மா சொன்னதால் நான்தான் மூலையை மடித்து வைத்தேன். மறுபடம் எடுத்தோம், கோடு இல்லை. வலிக்குக் காரணம் பக்கத்துப் பல்லின் சொத்தை. அன்றைக்கு ஒரு நல்ல பல் என் கையால் போயிருக்கும். அந்த பிலிமை இன்னும் வைத்திருக்கிறேன், பயிற்சிக்கு வருகிறவர்களிடம் காட்டுவதற்காகவே.

மடிப்பும் நகத்தடமும் பிலிம் காலத்துக் கதை என்று நினைக்காதீர்கள். பிலிமுக்குப் பதிலாக வாயில் வைக்கும் பாஸ்பர் தகட்டில் விழும் கீறலும் கோடாகத்தான் வரும். என்ன, அது வெள்ளையாக வரும், ஒவ்வொரு நோயாளியின் படத்திலும் அதே இடத்தில் வரும். சென்சார் வைத்திருப்பவர்களுக்கு வேறு ஆபத்து. மென்பொருளில் கூர்மையாக்கும் பொத்தானை அழுத்தினால், வெள்ளையான கேப் விளிம்பையும் வேர்க்குழலில் அடைத்த பொருளையும் ஒட்டி இல்லாத கறுப்புக் கோடு ஒன்று முளைக்கும். முதலில் எந்தத் திருத்தமும் இல்லாத படத்தைப் பார்த்து முடிவுக்கு வாருங்கள்.

கண்ணே ஏமாற்றுவதும் உண்டு. மிகவும் வெள்ளையான பகுதிக்குப் பக்கத்தில் சாம்பல் நிறம் இருந்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு கறுப்புக் கோடு இருப்பதாக மூளை வரைந்துகொள்ளும். 1865இல் எர்ன்ஸ்ட் மாக் என்ற இயற்பியலாளர் எழுதிவைத்த விஷயம், அவர் பெயரிலேயே மாக் பட்டை என்கிறோம். சோதனை சுலபம். ஒரு துண்டு காகிதத்தால் அந்த வெள்ளைப் பகுதியை மட்டும் மறையுங்கள். கோடும் சேர்ந்து மறைந்தால் அது உங்கள் கண்ணில்தான் இருந்தது. நின்றால் பல்லில் இருக்கிறது.

மற்றபடி, எலும்பு மேட்டின் விளிம்பு கழுத்துப் பகுதியில் குறுக்கே விழும். உதட்டின் நிழல் விழும். கீழ்த் தாடையில் ரத்தக்குழாய் ஓடும் சின்னக் கால்வாய் வேர் மேல் விழும். மூன்றுக்குமே கேள்வி ஒன்றுதான், ஓரத்தைத் தாண்டிப் போகிறதா? டியூபை நகர்த்தி எடுத்த இரண்டாவது படத்தில் இவை இடம் மாறும், வேரை விட்டே விலகும். முறிவு வேரை விட்டுப் போகாது.

நெடுக்குவாட்டு முறிவு

முன்பல் முறிவு விழுந்த அன்றே சத்தம் போடும். ரூட் கேனால் செய்த கடைவாய்ப்பல்லில் மேலிருந்து கீழாக ஓடும் விரிசல் வருடக்கணக்கில் வாய்திறக்காது. எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் வேலை செய்யும் ஓர் அக்கா. கீழ் வலது முதல் கடைவாய்ப்பல், 46. 6 வருடத்துக்கு முன் வேறு ஓர் ஊரில் ரூட் கேனால் செய்து கேப் போட்டது. “வலியெல்லாம் பெருசா இல்ல மேடம், ஈறுல ஒரு பரு வருது, அமுக்குனா சீழ் வந்துட்டு அமுங்கிடுது, மறுபடி வருது” என்றார்கள். பரு இருந்த இடம்தான் முதலில் என் கவனத்துக்கு வந்தது. வேர் நுனியில் சீழ் கட்டினால் பரு பெரும்பாலும் ஈறுக்குக் கீழே, உள்மடிப்புப் பக்கம் தள்ளி வரும். இது ஈறின் விளிம்புக்கு மிக அருகில் இருந்தது.

நேர்ப்படம் எடுத்தேன். கோடு எதுவும் இல்லை. இருக்கும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. நெடுக்குவாட்டு விரிசல் பெரும்பாலும் கன்னப் பக்கத்திலிருந்து நாக்குப் பக்கம் ஓடுகிறது; கதிரும் அதே திசையில்தான் போகிறது, ஆனால் சில டிகிரி விலகினாலே தப்பிவிடும். மேலும் குழலில் அடைத்த கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருள் வெள்ளையாக நடுவில் நின்று மறைக்கும். துண்டுகள் பிரியாதவரை இடைவெளியே மயிரிழைதான். கோடே தெரிந்துவிட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

ஆகவே இங்கே வேரை விட்டுவிட்டு எலும்பைப் பாருங்கள். அந்த அக்காவின் படத்தில் முன்வேரின் நுனியில் தொடங்கிய கறுப்பு, நுனியோடு நிற்காமல் வேரின் ஒரு பக்கமாக மேலே ஏறியிருந்தது. ஆங்கில எழுத்து ஜே போல என்று பாடத்தில் சொல்வார்கள். தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன் பயிற்சிக்கு வந்தபோது அதைப் பார்த்து “தூண்டில் முள்ளு மாதிரி இருக்கு மேடம்” என்றான். அதற்குப் பிறகு நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். நாள்பட்டால் கறுப்பு இரண்டு பக்கமும் ஏறி, வேருக்கே உறை போட்டது போல ஆகிவிடும்.

கூடவே பார்க்க வேண்டியவை உண்டு. அடைத்த பொருளுக்கும் வேர்ச் சுவருக்கும் நடுவில் முன்பு இல்லாத மெல்லிய கறுப்பு. வேரை ஒட்டிய நாரிழை இடைவெளி ஒரு பக்கம் மட்டும் மேலிருந்து கீழ்வரை சீராக அகன்றிருப்பது. வேர்கள் பிரியும் இடத்தில் எலும்பு கரைந்திருந்தும், பக்கத்துப் பற்களைச் சுற்றி எலும்பு நல்ல உயரத்தில் இருப்பது. வாய் முழுக்க ஈறு நோய் இருப்பவருக்கு எலும்பு எல்லாப் பக்கமும் இறங்கியிருக்கும். இங்கே ஒரே ஒரு வேர் மட்டும் தனியாக எலும்பை இழந்து நிற்கும்.

தூண்டில் முள் வடிவம் மட்டும் தீர்ப்பு இல்லை. அடைக்காமல் விட்ட குழல், ரூட் கேனால் செய்யும்போது பக்கச் சுவரில் விழுந்த ஓட்டை, ஈறு நோயும் நுனிச் சீழும் ஒன்று சேர்ந்தது, எல்லாமே இதே வேஷம் போடும். அதனால் அளவுகோல் போட்ட புரோபை எடுத்துப் பல்லைச் சுற்றி மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்தி அளக்க வேண்டும். அந்த அக்காவுக்கு 2, 3, 2 என்று வந்துகொண்டே இருந்தது, ஓரிடத்தில் திடீரென்று 9, அடுத்த அடியில் மறுபடி 3. கிணற்றில் கயிறு இறங்குவது போல ஒரே குறுகலான பள்ளம். ஈறு நோயின் பள்ளம் அகலமாக, சரிவாக இறங்கும். விரிசலின் பள்ளம் ஊசி போகும் அகலத்தில் நேராக விழும். அப்புறம் பருவின் துளைவழியே மெல்லிய கட்டாபெர்ச்சா குச்சி ஒன்றை நுழைத்து இன்னொரு படம் எடுத்தேன். குச்சி வேரின் நுனிக்குப் போகாமல் வேரின் பக்கவாட்டில் பாதியில் போய் நின்றது.

இவ்வளவும் சேர்ந்த பிறகுதான் ஈறைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டேன். மரத்துப்போக ஊசி போட்டு, ஈறை விலக்கி, சீழ்ச் சதையைச் சுத்தம் செய்து, வேரின் மேல் மெத்திலின் ப்ளூ சாயம் தடவிக் கழுவினேன். நீல நிறத்தில் ஒரு நூல், கேப்பின் விளிம்பிலிருந்து கீழே ஓடியது. பல்லைக் காப்பாற்ற வழியில்லை. எடுத்துக் கழுவி அந்த அக்காவிடமே கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். முட்டை ஓட்டில் ஒட்டிய தலைமுடி மாதிரி இருந்தது அந்தக் கோடு. “இவ்ளோதானா மேடம், இதுக்கா இத்தன மாசம்?” என்றார்கள். முதலில் சிகிச்சை செய்த மருத்துவர் தப்பு செய்தார் என்று நான் சொல்லவில்லை, நினைக்கவும் இல்லை. ரூட் கேனால் செய்த பல்லில் சுவர் குறைந்திருக்கும். ஆண்டுக்கணக்கில் மெல்லும் அழுத்தம் அதைத் தளர்த்தும். ரூட் கேனால் செய்யாத பல்லிலும் இது வரும். பொங்கல் முடிந்த வாரத்தில் கரும்பைக் கடைவாயில் கடித்துப் பிளந்துவிட்டு, மெல்லும்போது மட்டும் சுளீர் என்கிறது என்று வருகிறவர்களை நெல்லிக்குப்பம் பக்கமிருந்து ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

நெடுக்கு விரிசலில் பழைய படம் தங்கத்துக்குச் சமம். ரூட் கேனால் முடிந்த அன்று எடுத்த படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்தால், எலும்பு எந்தப் பக்கம் எப்போது கரையத் தொடங்கியது என்று தெரிந்துவிடும். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கரையேறியபோது எங்கள் கிளினிக்கின் கூரை ஓடு பறந்து, அலமாரியில் இருந்த பிலிம் உறைகள் அத்தனையும் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. பிரித்தால் படம் உரிந்து வந்தது. அதற்குப் பின் எடுக்கிற ஒவ்வொரு படத்தையும் நோயாளியின் போனுக்கும் அனுப்பிவிடுகிறேன். நோயாளிகளுக்கும் என் வேண்டுகோள் அதுதான். சிகிச்சை முடிந்த அன்றைய எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்குங்கள், தேதியோடு.

சி.பி.சி.டி. எப்போது

சி.பி.சி.டி. என்ற முப்பரிமாணப் படம் எடுத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. குறுக்கு முறிவுக்கு அது நன்றாக உதவும், முக்கியமாக முறிவு உள்பக்கம் எவ்வளவு மேலே ஏறியிருக்கிறது என்று அறிய. சாதாரணப் படங்கள் விடை தராதபோது, அல்லது சிகிச்சையே அதை நம்பி மாறும்போது மட்டும் எழுதிக்கொடுக்கிறேன். எழுதும்போது ‘முழுத் தாடை’ என்று எழுதாமல், சந்தேகமுள்ள பல்லின் எண்ணைக் குறிப்பிட்டு, சிறிய பரப்பு, நுண்ணிய வாக்ஸல் (முப்பரிமாணப் படத்தின் புள்ளி அளவு) என்று கேளுங்கள். கதிர்வீச்சும் குறையும், படமும் தெளிவாக வரும்.

கட்டாபெர்ச்சாவோ, வேர்க்குழலுக்குள் நிறுத்தும் உலோக போஸ்டோ இருக்கும் பல்லில் சி.பி.சி.டி.யும் தடுமாறும். அவற்றைச் சுற்றிக் கறுப்புக் கீற்றுகள் நட்சத்திரம் போலக் கிளம்பி, அப்படியே விரிசல் போலக் காட்டும். ஒரே தளத்தில் தெரியும் கோட்டை நம்பாமல், அடுத்தடுத்த வெட்டுத் தளங்களில் அதே இடத்தில் தொடர்கிறதா, அந்தக் கோடு முடியும் இடத்துக்கு எதிரே எலும்பு கரைந்திருக்கிறதா என்று பாருங்கள். எலும்பு முழுசாக இருந்தால் நான் அந்தக் கோட்டை விரிசல் என்று எழுதமாட்டேன்.

கண்டுபிடித்த பிறகு எடுக்கும் படங்கள்

அந்தப் பையனிடம் திரும்பி வருகிறேன். துண்டை விரலால் அதன் இடத்துக்குத் தள்ளி, இடம் சரிதானா என்று ஒரு படம் எடுத்துப் பார்த்து, பக்கத்துப் பற்களோடு சேர்த்து வளைந்துகொடுக்கும் மெல்லிய கம்பி ஒட்டினேன். நடுவேர் முறிவுக்கு 4 வாரம். முறிவு கழுத்துப் பகுதியில் இருந்திருந்தால் 4 மாதம்வரைகூட விட வேண்டியிருக்கும்.

ரூட் கேனால் செய்யவில்லை. அவன் அப்பாவுக்கு அது புரியவில்லை. “வேரே ஒடஞ்சிருக்கு, நரம்ப எடுக்க வேணாமா?” என்றார். முதல் நாள் ஐஸ் வைத்தால் பல் உணர்வு சொல்லாது; அதிர்ச்சியில் நரம்பு மரத்திருக்கும், செத்துவிட்டது என்று பொருளில்லை. முறிந்த வேர்களில் பாதிக்கும் மேல் நரம்பு உயிரோடு மீள்கிறது. அவசரப்பட்டு அதை எடுக்கக் கூடாது.

தொடர்ந்து படம் எடுக்கும் நாட்கள்: 4 வாரம், 6 முதல் 8 வாரம், 4 மாதம், 6 மாதம், 1 வருடம், அப்புறம் வருடத்துக்கு ஒன்றாகக் குறைந்தது 5 வருடம். எல்லாப் படமும் முதல் நாள் கோடு தெரிந்த அதே சாய்வில் எடுக்க வேண்டும். அதற்காக அன்றைக்கே டியூப் கோணத்தை அட்டையில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். சாய்வு மாறினால் கோடு ‘ஆறிவிட்டது’ போலத் தெரிந்து ஏமாற்றும்.

இந்தப் படங்களில் கோட்டைப் பார்த்துப் பயப்படவேண்டாம். கோடு மறையாமலே பல் வருடக்கணக்கில் நிற்கும். சிலருக்கு இரண்டு துண்டும் கடினப்பொருளால் ஒட்டிக்கொண்டு கோடு மங்கிவிடும். சிலருக்கு நடுவில் நார்ச்சதை வந்து உட்கார்ந்து, முறிந்த ஓரங்கள் உருண்டு, கோடு அப்படியே இருக்கும். இரண்டுமே நல்ல ஆறுதல்தான். நடுவில் எலும்பே வளர்ந்து இரண்டு துண்டையும் தனித்தனியாக வைத்திருப்பதும் உண்டு. கவலைப்பட வேண்டியது, முறிவின் இரண்டு பக்கமும், வேரின் நுனியில் அல்லாமல் முறிவுக்கு நேரே, எலும்பு கறுக்கத் தொடங்கினால். கிரீடத்தோடு, அதாவது வெளியே தெரியும் பல்லோடு, இருக்கும் துண்டின் நரம்பு செத்துச் சீழ் கசிகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அப்போதும் முறிவுக்கோடு வரைக்கும் மட்டும் குழலைச் சுத்தம் செய்தால் போதும்; நுனித்துண்டு பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும், அதைத் தொட வேண்டியதில்லை.

பையனுக்கு இப்போது 16 வயது. போன மாதம் பள்ளிச் சீருடையோடு வந்து உட்கார்ந்தான். அட்டையில் குறித்திருந்த அதே கோணத்தில் டியூபை வைத்தேன். கோடு இருக்கிறது, முன்பைவிட மங்கலாக, ஓரங்கள் உருண்டு. பக்கத்து எலும்பில் கறுப்பு இல்லை. ஐஸ் வைத்ததும் தலையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டான். அட்டையில் தேதியை எழுதி, அடுத்த வருடம் இதே மாதம் என்று குறித்துக் கொடுத்தேன்.